ஸ்டீயரிங் பாக்ஸ் ஒழுகினால் ஆயில் சீலை மட்டும் மாற்றிவிட்டு வராதீர்கள்

லாரிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் எஞ்சினைப் பற்றிப் பேசுவோம், டயரைப் பற்றிப் பேசுவோம், மைலேஜைப் பற்றி விடிய விடியப் பேசுவோம். ஸ்டீயரிங்கைத் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஸ்டீயரிங் பாக்ஸைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதனால் என் வண்டியில் அது ஒழுக ஆரம்பித்தபோது, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாமல் திண்டாடிப் போனேன். ஒர்க் ஷாப் மாற்றி ஒர்க் ஷாப் அலைந்து, சீலுக்கும் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) ஆயிலுக்கும் கூலிக்கும் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தால் ஒரு புது பாக்ஸின் விலையில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. வண்டி நின்ற நாட்களில் போன வாடகை தனி. வழக்கமாக லோடு கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர், இனியும் காத்திருக்க முடியாது என்று வேறு வண்டி பிடித்துக்கொண்டார். அவர் திரும்பி வரவே இல்லை. அதுதான் இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. இன்னொருவர் இப்படி அலையக் கூடாது என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் கண்ணில் பட்டது டிராப் ஆர்ம். வண்டியை எடுக்கும் முன் சுற்றிப் பார்க்கும்போது, பாக்ஸிலிருந்து கீழே தொங்கும் அந்த ஆர்மில் ஆயிலும் புழுதியும் சேர்ந்து கருப்பாக அப்பியிருந்தது. தரையில் சொட்டு எதுவும் இல்லை. பவர் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தால் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது, ஊற்றி நிரப்பினேன். கொஞ்ச நாளில் தரையிலும் சொட்ட ஆரம்பித்தது. அதற்கப்புறம் காலையில் முதல் கட் அடிக்கும்போது, அதாவது ஸ்டீயரிங்கை முதல் தடவை வளைக்கும்போது, பவர் ஆயிலைத் தள்ளும் பம்ப் முனகும். ரிவர்ஸில் மெதுவாக வளைக்கும்போது ஸ்டீயரிங் ஒரு நொடி இறுகும், மறு நொடி தானாக இளகும். ஆயில் குறைந்து பம்ப் காற்றை இழுத்தால் இப்படித்தான் நடக்கும். இந்தக் கட்டத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பம்புக்கு மசகாக இருப்பதே அந்த ஆயில்தான். அது வற்றினால் பம்ப் உள்ளுக்குள் தேய்ந்து இரும்புப் பொடியை விடும், அந்தப் பொடி நேராகப் பாக்ஸுக்குள் போய் இறங்கும். ஒரு சீலோடு முடிய வேண்டிய செலவு பம்பு, பாக்ஸ் இரண்டையும் தின்றுவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நாட்களில் எனக்கு இருந்த பெரிய பயம் இதுதான். ஆயில் மொத்தமும் போய்விட்டாலும் ஸ்டீயரிங், முன் சக்கரங்களோடு இரும்பாலேயே இணைந்திருக்கிறது, திருப்பினால் திரும்பும். ஆனால் முன் அச்சில் லோடு இருக்கும்போது உதவி இல்லாமல் திருப்ப உடம்பில் இருக்கிற பலம் முழுவதும் வேண்டும், வளைவில் அதற்கு நேரம் கிடைக்காது. திருப்பும் நடுவே ஹோஸ் வெடித்து உதவி போனால் கை தடுமாறும். சூடான சைலன்சர் பைப் மேல் ஆயில் தெறித்தால் தீயும் பிடிக்கும். 'லேசான கசிவுதானே' என்று யார் சொன்னாலும், சொட்டாக விழ ஆரம்பித்த பிறகு லோடு ஏற்றாதீர்கள்.

பாக்ஸுக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டால், மெக்கானிக் சொல்வதில் எது சரி, எது சமாளிப்பு என்று பிடிபடும். பெரும்பாலான லாரிகளில் இருப்பது ரீசர்குலேட்டிங் பால் வகை. ஸ்டீயரிங்கிலிருந்து வரும் ராடு பாக்ஸில் இணையும் இடம் இன்புட் ஷாஃப்ட். உள்ளே அது மரை வெட்டிய வார்ம். அந்த வார்மின் மேல் ஒரு பிஸ்டன் ஏறியிருக்கும், இரண்டுக்கும் நடுவே மரைப் பள்ளத்தில் இரும்புக் குண்டுகள் உருண்டு ஓடி, ஒரு சிறு குழாய் வழியாகத் திரும்பி வந்து மறுபடி உருளும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பிஸ்டன் நகரும், பிஸ்டன் முதுகில் இருக்கும் பற்கள் செக்டர் ஷாஃப்டின் பற்களைத் தள்ளி அதைச் சுழற்றும். செக்டர் ஷாஃப்டின் வெளி முனையில் மாட்டியிருப்பதுதான் டிராப் ஆர்ம். இன்புட் ஷாஃப்டுக்கு நடுவே டார்ஷன் பார் என்று ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. நம் கை கொடுக்கும் திருப்பலில் அது துளி முறுக்கிக்கொள்ளும்போது வால்வு திறந்து, பம்பிலிருந்து வரும் ஆயிலைப் பிஸ்டனின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அனுப்பும். லாரி பம்புகள் 100 பாருக்கு மேல் அழுத்தம் கொடுக்கக் கூடியவை.

இப்போது ஒழுகும் இடங்களைப் பாருங்கள். இன்புட் ஷாஃப்டைச் சுற்றி ஒரு சீல். டிராப் ஆர்ம் பக்கம் செக்டர் ஷாஃப்டைச் சுற்றி இன்னொரு சீல், பல பாக்ஸ்களில் அங்கே இரண்டு அடுக்காக இருக்கும். செக்டர் ஷாஃப்டின் மறுமுனையில் சைடு கவர், அதன் நடுவே அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவும் லாக் நட்டும். அப்புறம் எண்ட் கவரின் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம், இரண்டு ஹோஸ்கள் பாக்ஸில் இணையும் யூனியன்கள். இவற்றில் எங்கே ஒழுகினாலும் ஆயில் பாக்ஸின் உடம்பு வழியாக இறங்கி, கடைசியில் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் டிராப் ஆர்மில்தான் சொட்டும். பம்பிலோ மேலே இருக்கும் ஹோஸிலோ கசிந்தால்கூட அங்கேதான் வந்து சேரும். சொட்டுகிற இடத்தைப் பார்த்துக் காரணம் சொல்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விட்டதில்தான் என் அலைச்சல் முழுவதும் தொடங்கியது.

முதல் ஒர்க் ஷாப்பில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள், 'செக்டர் சீல் போயிடுச்சு' என்றார்கள். அதுவரை சரிதான், சீல் போயிருந்தது உண்மை. அது ஏன் போனது என்று யாரும் பார்க்கவில்லை. டிராப் ஆர்ம் நட்டைக் கழற்றிவிட்டு, ஆர்ம் வரவில்லை என்றதும் பெரிய சுத்தியலை எடுத்து அடித்தார்கள். அடி ஒவ்வொன்றும் என் நெஞ்சில் விழுவது போல இருந்தது, ஆனாலும் தொழில் தெரிந்தவர்கள் செய்கிறார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். இப்போது தெரியும். அந்த அடி ஷாஃப்ட் வழியாக உள்ளே போய் பேரிங்கிலும் குண்டுகள் ஓடும் பள்ளத்திலும் இறங்கும். குழி விழுந்த பள்ளத்தில் குண்டு ஓடினால் ஸ்டீயரிங் தட்டித் தட்டித் திரும்பும், அதற்கப்புறம் எந்த ரிப்பேரும் உதவாது. டிராப் ஆர்மைப் புல்லர் என்ற இழுத்துக் கழற்றும் கருவியை வைத்துத்தான் கழற்ற வேண்டும். புல்லரை இறுக்கிவிட்டு இரவெல்லாம் துருவுக்கு ஆயில் விட்டு வைத்தால் பெரும்பாலும் காலையில் தானாகவே விட்டுக்கொடுக்கும். கேஸ் வெல்டிங் வைத்துச் சூடாக்க விடாதீர்கள், சூட்டில் அந்த இரும்பின் பதம் போய்விடும், சீலும் வெந்துவிடும். கழற்றும் முன் ஆர்மிலும் ஷாஃப்டிலும் சேர்த்து உளியால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். சில பாக்ஸ்களில் ஆர்ம் ஏறும் ஷாஃப்ட் முனையில் வெட்டியிருக்கும் பற்களில், அதாவது ஸ்பிளைனில், ஒரு பல் மட்டும் அகலமாக இருக்கும், தவறான இடத்தில் ஏறாது. அப்படி இல்லாதவற்றில் ஒரு பல் தள்ளி ஏறினால்கூட, சக்கரம் நேராக இருக்கும்போது பாக்ஸ் நடுவில் இருக்காது.

புது சீலோடு வண்டியை எடுத்தேன். சில வாரத்தில் மறுபடி ஈரம். திரும்பப் போனேன். 'அந்த சீல் கம்பெனி சரியில்ல அண்ணே, நல்லதா போட்டுத் தர்றேன்' என்றார் மெக்கானிக். கூலியில் பாதிதான் வாங்கினார், அந்த அளவில் நல்ல மனிதர்தான். இந்த முறை முன்னைவிடச் சீக்கிரமே ஒழுகியது. ஒரே இடத்தில் புது சீல் அடுத்தடுத்துப் போகிறது என்றால் குறை சீலில் இல்லை. இதை யாராவது அன்றைக்கு எனக்குச் சொல்லியிருந்தால் அத்தனை நாளும் பணமும் மிஞ்சியிருக்கும்.

அந்தச் சமயத்தில் பலரும் சொன்ன யோசனை, லீக்கை நிறுத்தும் ஆயில் ஒன்றை வாங்கி ஊற்று என்பது. அது ரப்பரை ஊறவைத்துத் தடிக்கச் செய்யும் மருந்து. காய்ந்து சுருங்கிய சீலாக இருந்தால் கொஞ்ச காலம் நிற்கலாம். ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் நிற்காது, ஊறிப்போன ரப்பர் பிறகு மெத்தென்று கிழியும். பாதி வழியில் மாட்டிக்கொண்டவர் வீடு வந்து சேர அதைப் பயன்படுத்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதை ரிப்பேர் என்று மட்டும் நம்பாதீர்கள். இன்னொன்று, கையில் இருக்கிறது என்று பிரேக் ஆயிலைப் பவர் ஆயில் டப்பாவில் ஊற்றவே ஊற்றாதீர்கள். வழக்கமான பிரேக் ஆயில் கிளைக்கால் வகை, பவர் ஸ்டீயரிங்கின் ரப்பர் அதைத் தாங்காது. பம்பு, பாக்ஸ், ஹோஸ் என்று எல்லா சீலும் ஒரே நேரத்தில் ஊதிப் போகும். வண்டியின் புத்தகத்தில் என்ன ஆயில் போட்டிருக்கிறதோ அதை மட்டும் ஊற்றுங்கள். சிலவற்றுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில்), சிலவற்றுக்குத் தனிப் பவர் ஸ்டீயரிங் ஆயில். நிறம் ஒன்றாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

அடுத்துப் போன இடத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. ஒழுகலோடு ஸ்டீயரிங்கில் பிளேயும், அதாவது சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் மட்டும் ஆடும் தளர்வும், அதிகமாக இருக்கிறது என்று சொன்னேன். சைடு கவரில் இருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை இறுக்கி, 'இப்ப பாருங்க, பிளே சுத்தமா இல்ல' என்றார்கள். முற்றத்தில் ஓட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. அன்று இரவு லோடோடு போகும்போது ஒரு வளைவை முடித்துவிட்டு, வழக்கம்போல ஸ்டீயரிங் தானாகத் திரும்பும் என்று பிடியை இளக்கினேன். அது திரும்பவில்லை. வளைத்த இடத்திலேயே நின்றது. வண்டி ரோட்டோரத்தை நோக்கி இழுத்துக்கொண்டு போக, இரண்டு கையாலும் பிடித்து நேராக்கினேன். எதிரில் வண்டி எதுவும் வரவில்லை, அதனால் பிழைத்தேன். அதற்கப்புறம் ஊர் சேரும்வரை ஊர்ந்துதான் போனேன்.

அந்த ஸ்க்ரூ என்ன செய்கிறது என்றால், செக்டர் ஷாஃப்டின் பற்களைப் பிஸ்டன் பற்களுக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளுகிறது. இந்தப் பற்கள் நேராகப் போகும் நிலையில் இறுக்கமாகவும், இரண்டு பக்கம் திரும்பத் திரும்பக் கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன. அதனால் ஸ்க்ரூவைச் சரிசெய்வது என்றால் பாக்ஸைச் சரியாக நடுவில் நிறுத்தி, டிராப் ஆர்மைக் கழற்றிவிட்டு, இன்புட் ஷாஃப்டைச் சுழற்றத் தேவைப்படும் விசையை அளந்துதான் செய்ய வேண்டும். சக்கரம் ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது, கைக்குப் பிளே தெரியாத அளவுக்கு இறுக்கினால் நடுவுக்கு வரும்போது பற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிளே இருந்தால் முதலில் பாக்ஸைத் தொட வேண்டாம். ஒருவரை ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக ஆட்டச் சொல்லிவிட்டு, கீழே உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பாருங்கள். ஸ்டீயரிங் ராடின் யுனிவர்சல் ஜாயிண்ட், டிராக் லிங்க்கின் பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், கிங் பின், பாக்ஸைச் சேசிஸோடு பிடிக்கும் போல்ட்டுகள். போல்ட்டுகளைப் பார்க்கும்போது அந்த இடத்தில் சேசிஸில் கீறல் விட்டிருக்கிறதா என்றும் சுரண்டிப் பாருங்கள். என் வண்டியில் பிளே வந்தது டிராக் லிங்க்கின் ஒரு முனையிலிருந்து. பாக்ஸின் பற்களில் பிளேயே இல்லை.

அந்த இரவுக்குப் பிறகு யாரிடமும் வண்டியை விட மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அழுகைதான் வந்தது. கடன் தவணை ஒரு பக்கம், வீட்டில் என்ன சொல்வது என்ற யோசனை ஒரு பக்கம். வண்டியை நிறுத்திவிட்டு நானே படுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

செய்தது சின்ன வேலைதான், முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. பாக்ஸ், பம்பு, ஹோஸ்கள், சுற்றியிருக்கும் சேசிஸ் என்று எல்லாவற்றையும் கிரீஸ் கரைக்கும் மருந்து போட்டுக் கழுவி, காற்றடித்து நன்றாகக் காய வைத்தேன். டீசலால் கழுவினால் அதன் ஈரமே கசிவு போலத் தெரியும், அதனால் அது வேண்டாம். காய்ந்த பிறகு பாக்ஸ் முழுவதும் மெல்லிய வெள்ளைப் பவுடரைத் தூவினேன். தெரிந்த தம்பி ஒருவரைச் சீட்டில் உட்கார வைத்து எஞ்சினை ஐடிலில் விடச் சொன்னேன். முதலில் ஸ்டீயரிங்கைத் தொடாமல் சும்மா ஓடவிட்டுப் பார்த்தேன், பிறகு மெதுவாக ஒரு பக்கம், மறுபக்கம். ஃபுல் கட்டில், அதாவது ஸ்டீயரிங் திரும்பும் கோடியில், ஐந்து நொடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது, அந்த நிலையில் பம்ப் முழு அழுத்தத்தில் தள்ளும், ஆயில் கொதிக்கும். ஓடும்போது ஹோஸைக் கையால் தடவி ஓட்டை தேடவும் கூடாது. ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம். அட்டைத் துண்டைக் காட்டிப் பார்க்க வேண்டும்.

ஸ்டீயரிங்கைத் தொடாமல் ஓடும்போதே பவுடரில் ஒரு கோடு விழுந்தது, மேலே இன்புட் ஷாஃப்டிலிருந்து. அத்தனை நாளும் யாரும் சொல்லாத இடம். பிறகு ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் கீழே செக்டர் ஷாஃப்டைச் சுற்றி ஆயில் முத்து முத்தாக வந்தது, மறுபக்கம் திருப்பினால் நின்றது. அதாவது ஒழுகல் ஒன்றல்ல, இரண்டு. இந்த வித்தியாசம் பெரிய தடயம். பல பாக்ஸ்களில் செக்டர் ஷாஃப்ட் இருக்கும் அறைக்கு ஒரு பக்கம் திருப்பும்போதுதான் பம்பின் முழு அழுத்தம் வரும். இன்புட் சீலின் மேல் இருப்பது ஆயில் டப்பாவுக்குத் திரும்பிப் போகும் பக்கத்தின் குறைந்த அழுத்தம். குறைந்த அழுத்தம் தாங்கும் அந்த சீலே பிதுங்குகிறது என்றால் திரும்பிப் போகும் பாதையில் ஏதாவது அடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டப்பாவில் இருக்கும் ஃபில்டர் சேறு போல இருந்தது. ரிட்டர்ன் ஹோஸ் வெளியே பார்க்கப் புதிது போல இருந்தது, கழற்றி நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் உள் ரப்பர் பெயர்ந்து பாதி வழியை மூடிக்கொண்டிருந்தது. நூறு இன்புட் சீல் மாற்றியிருந்தாலும் நின்றிருக்காது.

செக்டர் பக்கம் டிராப் ஆர்மைப் புல்லரால் கழற்றி, சீலைப் பிடித்திருக்கும் சர்க்கிளிப் வளையத்தை எடுத்து, பழைய சீலை நீக்கினேன். ஷாஃப்டைத் துணியால் துடைத்துவிட்டு, சீலின் உதடு, அதாவது ஷாஃப்டைத் தொடும் விளிம்பு, ஓடும் இடத்தில் விரல் நகத்தை நெடுக்கில் இழுத்தேன். நகம் மாட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் வளையமாக ஒரு தேய்ந்த பள்ளம், அதன் ஓரத்தில் கடுகளவு துருக் குழிகள். புழுதியும் தண்ணீரும் வெளி உதட்டைத் தாண்டிப் போய் அங்கே தங்கி இரும்பைத் தின்றிருந்தன. அந்தக் குழிகள் மேல் எந்த சீலை ஏற்றினாலும் அதன் உதடு அரம் மேல் ஓடுவது மாதிரிதான். ஷாஃப்டின் முனையைப் பிடித்துக் குறுக்கே ஆட்டினேன், கண்ணுக்குத் தெரிய அசைந்தது. உள்ளே அதைத் தாங்கும் பேரிங்கும் போயிருந்தது. ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடினால் எந்த சீலாலும் அதைத் தொடர்ந்து பிடிக்க முடியாது. டிராப் ஆர்ம் மாட்டியிருக்கும்போதே ஒருவரை ஸ்டீயரிங்கை ஆட்டச் சொல்லி, ஷாஃப்ட் சுழல்கிறதா அல்லது குறுக்கேயும் நகர்கிறதா என்று பார்த்தால் கழற்றாமலே இது தெரிந்துவிடும். முதல் ஒர்க் ஷாப்பில் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் போதும்.

இதற்கு என்ன வழி என்று பார்த்தேன். பள்ளம் லேசாக இருந்து பேரிங் நன்றாக இருந்தால், கால் மில்லிமீட்டர் அளவில் மெல்லிய எஃகு ஸ்லீவை ஷாஃப்ட் மேல் ஏற்றி அதன் மேல் சீல் போடலாம். இடம் இருந்தால் சீலைக் கொஞ்சம் முன்னே பின்னே உட்கார வைத்து உதடு புது இடத்தில் ஓடும்படி செய்யலாம். எனக்கு ஒருவர் வெல்டிங் வைத்துப் பள்ளத்தை நிரப்பி லேத்தில் கடைந்து தருகிறேன் என்றார். செலவு மிகக் குறைவு. தயவுசெய்து அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். செக்டர் ஷாஃப்ட் மேல் தோல் மட்டும் கெட்டியாக்கப்பட்ட இரும்பு, வெல்டிங் சூட்டில் அது நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். ஓடும்போது அந்த ஷாஃப்ட் முறிந்தால் சக்கரத்துக்கும் கைக்கும் உறவே இல்லை. நான் பாக்ஸை இறக்கி, ஹைட்ராலிக் பாக்ஸ் வேலை மட்டும் செய்யும் ஓர் இடத்தில் கொடுத்து, செக்டர் ஷாஃப்ட், பேரிங், எல்லா சீலும் ஓ ரிங்கும் புதிதாகப் போட்டு, அட்ஜஸ்ட்மெண்டையும் அளந்து வைக்கச் சொன்னேன். பிஸ்டன் பள்ளத்திலும் குழி விழுந்திருந்தால் அவர்களே சொல்லிவிடுவார்கள், அப்போது பழையதைக் கொடுத்துவிட்டு ரீகண்டிஷன் பாக்ஸ் வாங்குவதுதான் மேல். வாங்கும்போது பாக்ஸில் அடித்திருக்கும் எண்ணை வைத்து வாங்குங்கள், வண்டி மாடலைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் வேறு வேறு பாக்ஸ் வந்திருக்கும்.

பாக்ஸை இறக்குவதும் ஏற்றுவதும் தனி ஆளாகச் செய்யக்கூடிய வேலை இல்லை. கனரக லாரிகளின் பாக்ஸ் சில 40 கிலோவைக்கூடத் தாண்டும், மல்லாந்து படுத்திருக்கும்போது மார்பில் விழுந்தால் எழ முடியாது. சக்கரத்துக்குக் கட்டை, சேசிஸுக்கு ஸ்டாண்டு, பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி. சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டீயரிங்கைக் கயிறு போட்டு அசையாமல் கட்டிவிட்டு, ராடு இணையும் இடத்தில் கோடு போட்ட பிறகே போல்ட்டைக் கழற்ற வேண்டும். ஏர் பேக் உள்ள வண்டியில் ராடு கழன்ற நிலையில் ஸ்டீயரிங்கைச் சும்மா சுற்றிவிட்டால் அதற்குள் இருக்கும் ரிப்பன் ஒயர் அறுந்துபோகும், அது தனிச் செலவு. சீல் ஏற்றும்போது ஸ்பிளைன் மேல் டேப் சுற்ற வேண்டும், இல்லையென்றால் கத்தி போன்ற அந்தப் பற்கள் உதட்டைக் கிழித்துவிடும், புது சீல் ஏறும்போதே செத்துப்போகும். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலை நோக்கி, தூசி தடுக்கும் உதடு வெளியே. சீலின் விட்டத்துக்குப் பொருந்தும் குழாயை வைத்துச் சமமாகத் தட்டி உட்கார வைக்க வேண்டும். டிராப் ஆர்ம் நட்டை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும். சிறிய பிக்கப்களிலேயே அது 250 நியூட்டன் மீட்டர் அளவுக்குப் போகும், லாரியில் இன்னும் அதிகம்.

பாக்ஸ் ஏறியபிறகு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஆயில் ஊற்றி, எஞ்சினைப் போடாமலே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நிதானமாகத் திருப்பிக்கொண்டே இருந்தேன். டப்பாவில் குமிழி வரும், அளவு இறங்கும், ஊற்ற வேண்டும். குமிழி நின்ற பிறகே எஞ்சின். அவசரப்பட்டு முதலிலேயே எஞ்சினைப் போட்டால் காற்று ஆயிலோடு கடைந்து பால் போல வெளுத்துவிடும், பிறகு அது அடங்க நெடுநேரம் ஆகும். ஏற்றும் முன் பழைய ஆயில் முழுவதையும் வடித்து, ஃபில்டரும் ரிட்டர்ன் ஹோஸும் புதிதாகப் போட்டு, லைன்களைப் புது ஆயிலால் அலசியிருந்தேன். இதைச் செய்யாமல் நல்ல பாக்ஸை மாட்டினால் பழைய பம்பின் இரும்புப் பொடி சீக்கிரமே அதைக் கெடுத்துவிடும். கனரக வண்டிகளின் பல பாக்ஸ்களில் ஃபுல் கட் நெருங்கும்போது அழுத்தத்தைக் குறைக்கும் சிறு வால்வுகள் இருக்கும், பாக்ஸ் மாற்றினால் அவற்றை அந்த வண்டியின் ஆக்ஸில் ஸ்டாப்புக்கு (சக்கரம் அதற்கு மேல் திரும்பாமல் நிறுத்தும் தடுப்பு) ஏற்ப மறுபடி செட் செய்ய வேண்டும். முடித்துவிட்டோம் என்று சாவியை நீட்டும்போது இதைச் செய்தீர்களா என்று கேளுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது.

அதேபோல வேலைக்குக் கொடுக்கும் முன்பே நாலு விஷயம் பேசிவிடுங்கள். எங்கிருந்து ஒழுகுகிறது என்பதைக் கழுவி ஓடவிட்டு எனக்குக் காட்டுங்கள். பழைய சீலை எடுத்ததும் புதியது ஏற்றும் முன் என்னைக் கூப்பிடுங்கள், ஷாஃப்டை நான் தொட்டுப் பார்க்க வேண்டும். புல்லர் இருக்கிறதா? கழற்றிய பழைய பொருள் எல்லாம் எனக்கு வேண்டும். நல்ல மெக்கானிக் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் வண்டியை வேறு இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.